சுவருக்கு இந்தப் பக்கம்

எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டு டிலக்சன் கேம் விளையாடி லைவ் போடுகிறான். அவன் தோற்று அலறுவது சுவர் வழியாக உடனே கேட்கும். என் போனில் வரப் பத்து வினாடி பிந்தும்.

அந்தப் பத்து வினாடிதான் சுகம்.

இன்றும் அலறல் கேட்டதும், என் போனில் அவன் இன்னும் தோற்காத நேரத்தில், வேறு பெயரில் "தம்பி, இந்தமுறை நீர்தான் வெல்லுவீர்" என்று கமெண்ட் போட்டேன். தோற்றவன் அதை வாசிக்கும் முகத்தைத் தேத்தண்ணியோடு பார்த்தேன்.

பிறகு லிஃப்டில் அவனுடைய அம்மா.

"எல்லாரும் நக்கலடிக்கினமாம், தங்கச்சி. ஒரு ஆள் மட்டும் நம்பிக்கை குடுக்குதாம். அந்த ஆளை நம்பி இண்டைக்கு வேலையையும் விட்டிட்டான்."

"விளையாட்டை மட்டும் விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

நாளை ஆறு மணிக்கு லைவ். என் வீட்டில் இருந்து பார்க்க இன்னும் இரண்டு கதிரை இருக்கிறது. யார் வருகிறீர்கள்?