கோட்டைச் சண்டையும் மூன்றாம் ஓலையும்

மக்கா, டவுனில் சண்டைப்படம் வந்திருக்கிறது, போயே தீரவேண்டும் என்று எல்லாரும் ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். போய்வாருங்கள். ராஜா பேசும் வசனத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பின்னால் ஈட்டி பிடித்து ஓடுகிறவர்களின் முகத்தையும் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மாமியை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். காரணத்தை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதிவைக்கிறேன்.

அப்போது படம் பேசாது. கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து ஒரு கோட்டைச் சண்டைப் படம் காட்டினார்கள். உங்கள் மாமிக்கு, அதாவது என் அக்காவுக்கு, இரண்டாம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். முதல் மாப்பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனவர். பெரிய சண்டை முடிந்து வருஷங்கள் ஆகியும் ஆளைக் காணோம். கூடப்போன ஒருவர் மட்டும் திரும்பிவந்து, "அவன் விழுந்தத எனக்க கண்ணால கண்டேன்" என்றார். சர்க்காரிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. அந்த ஒரு வாக்கை நம்பித்தான் சபையில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிறு கேட்பாரே, அந்த ஓலை. மூன்றாவது பாக்கி.

வெள்ளிக்கிழமை அக்கா வந்து, "லேய், சண்டையிண்ணா எப்பிடி இருக்கும்ணு எனக்கு ஒருக்கா பாக்கணும்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

பெண்களுக்குத் தனியிடம். நடுவே ஒரு கயிறு. அதை ஒட்டி இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று ஒருவர் கதை சொன்னார். பீரங்கி வரும்போதெல்லாம் வெளியே திருவிழாவுக்குப் போடுகிற கதினா வெடியைப் போட்டார்கள், மண்தரை அதிர்ந்தது. படம் எடுத்தவன் கெட்டிக்காரன். யானையை உடனே காட்டவில்லை. மதில்மேல் நிற்கும் காலாட்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒருவன் எச்சில் விழுங்கினான். இன்னொருவனுக்குக் கன்னத்தில் பெரிய மறு. அவன் கண் சிமிட்டவே இல்லை. பிறகுதான் யானைகள் வந்து வாசலை முட்டின. மறு உள்ளவன் ஈட்டி பாய்ந்து மதிலிலிருந்து தலைகீழாக விழுந்தான்.

"செத்தான்!" என்றார் கதை சொல்லுகிறவர். அக்கா கயிற்றைப் பிடித்திருந்தாள்.

அடுத்த சண்டையில் எதிரிகள் ஏணி சாத்தி ஏறினார்கள். அக்கா விருட்டென்று எழும்பினாள்.

"லேய்! அவன் சாவல்ல! இன்னா ஏறுகான் பாரு!"

பார்த்தேன். அதே மறு.

"ஏட்டி, உக்காரு! ஆனைய மறைக்காத!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"விடுட்டி, அவளுக்க மாப்பிளயா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. கூடாரமே சிரித்தது.

படம் முடிந்ததும் அக்கா நேரே கதை சொல்லுகிறவரிடம் போய், "அண்ணே, அந்த மறுக்காரன் செத்தானா இல்லியா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "அது கூலிக்கு வாற ஆளு தாயே. ஆளு பத்தல்லண்ணா செத்தவனே எழும்பி அடுத்த சண்டைக்கு வருவான்."

"கேட்டியா அக்கா? எல்லாம் வேஷம்" என்றேன்.

"வேஷம்ணு எனக்குத் தெரியாதாலே? அவன் விழுந்தப்ப நீ என்ன நெனச்ச? செத்தாண்ணு தான?"

"ஆமா" என்றேன்.

"கூடப்போனவரும் விழுந்தத தான பாத்தாரு? செத்தத பாத்தாரா?"

சனிக்கிழமை நான் முற்றத்தில் கல்யாணப் பந்தலுக்குத் தூண் நாட்டினேன்.

ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளையாக வரவிருந்தவர் முன்பெஞ்சில் புதுவேட்டியோடு இருந்தார். நல்ல மனிதர். போதகர் ஓலை வாசித்துவிட்டு, "தடை உண்டானால் சொல்லலாம்" என்றார். விசிறிகள் நின்றன. அக்கா தலை குனிந்தே இருந்தாள். போதகர் காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். அப்பாடா என்று நான் மூச்சுவிட்டபோது அவள் எழும்பினாள்.

"எனக்கு உண்டும், ஐயா."

"நீதானே அம்மா பெண்ணு?"

"ஆமா. எனக்க மாப்பிள செத்தாருண்ணு சொல்ல எனக்கு நாக்கு வரல்ல."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். முன்பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சரி ஐயா, நிறுத்திக்கிடுங்க" என்றார்.

கப்பலேறிப் போனவர் இன்றுவரை வரவில்லை. அக்கா செய்தது சரியா, தப்பா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அன்று எல்லாரும் வேதக்கோவிலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னதாக வீட்டுக்கு வந்து, கல்யாணப் பந்தலுக்கு நாட்டியிருந்த கமுகுத் தூண்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கினேன். குழிகளில் மண்ணைத் தள்ளி, அவள் வந்து பார்க்குமுன் காலால் மிதித்து அமர்த்தினேன்.