தொட்டியருகே மூக்கர்

கடைத்தெருவில் அவருக்கு மூக்கர் என்றே பெயர். காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையின் முன் இருபத்தாறு ஆண்டுகள் நின்றவர். கடிகாரத்தை அவர் பார்த்ததில்லை. எழும் புகையை ஒருமுறை முகர்வார்; போதும் என்பார்; மறுகணம் உருளை திறக்கப்படும். மனைவி முன்பக்கத்தில் பொடி அரைத்து விற்றுவந்தாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல் ஐந்தாம் நாள் இறங்கிற்று. போகையில் அவருடைய மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று. மூக்கர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. நிறத்தைப் பார்த்து ஒருவாறு ஒப்பேற்றினார். காப்பி முன்போல் இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தபோது, குறை கொட்டையில்தான் இருக்கும், விளையும் இடத்துக்கே போய்ப் பார்த்துவருகிறேன் என்று புறப்பட்டுவிட்டார். குறை கொட்டையிலேயே இருந்துவிட வேண்டுமே என்று உள்ளூர இறைவனை இறைஞ்சினார். இல்லையேல் அவர் தொழில் அத்துடன் முடிந்தது.

“காப்பிக்கொட்டையோட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத்தான் மாமியார் வீட்டுக்கு வழி கேக்குறீங்களா மச்சான்?” என்றான் மனைவியின் தம்பி.

மலைச்சரிவில் இருந்த அத்தோட்டத்தில் யாவும் அவருக்குப் புதியன. பறிப்பவர்கள் சிவந்த பழங்களை மட்டும் திருகி எடுத்துப் பச்சையை விட்டுவைத்தனர். நீரில் கொட்டியதும் சொத்தைகள் மிதந்தன. கனத்த பழங்கள் இயந்திரத்தில் தோல் நீங்கி, வழவழப்பான கொட்டைகளாகச் சிமெண்டுத் தொட்டியில் விழுந்தன. அவ்வழவழப்பு புளித்துக் கழன்றதும் கழுவி உலர்த்த வேண்டும். நேரம் தப்பினால் புளிப்பு கொட்டைக்குள் இறங்கிவிடும், பிறகு எந்த வறுவலுக்கும் அது போகாது. இவற்றை விளக்கியவள் தொட்டிகளைக் கவனிக்கும் பெண், முப்பது வயதிருக்கும். மூக்கரின் புகழ் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

மறுநாள் நண்பகலில் வானம் இருண்டது. களத்தில் காய்ந்தவற்றையெல்லாம் வாரி மூட வேண்டும்.

“அண்ணே, நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமாப் போறேன். இனிப்பு வாசம் போய்ப் புளிப்பு தட்டினதும் ஒரு குரல் கொடுங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டார். தொட்டியின் விளிம்பில் அமர்ந்து குனிந்து குனிந்து முகர்ந்தார். ஈரக்காற்றுதான் ஏறியது. நுரை கட்டிற்று, அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. முந்தி அழைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிக் காத்திருந்தார்.

அந்தியில் திரும்பியவள் பத்தடி தொலைவிலேயே நின்றாள். பின் ஓடிவந்து ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தாள்.

“எப்பவோ கெட்டுப்போச்சேண்ணே. காடி வாடை பத்தடிக்கு அந்தப் பக்கமே அடிக்குது.”

“எனக்கு அடிக்கலம்மா.” அவர் தரையைப் பார்த்தார். “ரெண்டு மாசமா எதுவுமே அடிக்கல.”

அவள் கையிலிருந்ததைத் தொட்டியிலேயே போட்டாள். “மத்தியானமே சொல்லியிருந்தா கையை விட்டுப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன். நானே கையாலதான் பாக்குறது. நீங்க பெரிய மூக்குக்காரராச்சேன்னு வாசத்தைச் சொல்லித் தொலைச்சேன்.”

பறித்தவர்களின் ஒருநாள் உழைப்பு கழிவாயிற்று; கழுவி உலர்த்தினாலும் மட்டமான விலைக்குத்தான் போகும். மூக்கர் வேட்டியை மடித்துக்கட்டித் தொட்டியில் இறங்கி, கெட்ட கொட்டை அத்தனையையும் தாமே கழுவினார். பிறகு அவர் கையைப் பிடித்து அடுத்த தொட்டியின் கொட்டைக்குள் நுழைத்தாள் அவள். முதலில் மீனைத் தொட்டதுபோல் வழுக்கிற்று. ஒரு மணி நேரம் கழித்துக் கூழாங்கல்லாய்ச் சரசரத்தது. அவர் குரல் கொடுத்தார். அவளும் தேய்த்துப் பார்த்தாள். மறுபேச்சின்றி நீரைத் திறந்துவிட்டாள்.

அதன் பிறகே மனைவியைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதைச் சொன்னார்.

“தெரியுமே. தீஞ்சதை எல்லாம் அரைக்காம ஒதுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணு ரெண்டு கைதவறிப் போயிருக்கும். நீங்களா எப்ப வாயைத் தொறப்பீங்கன்னு பாத்தேன்.”

“இனிமே யாரு வறுக்கிறது?”

“நீங்கதான். பக்கத்துல நின்னு மோந்து சொல்ல நான் இருக்கேன். காலையில வண்டி ஏறிடுங்க.”

“காலையில முடியாது,” என்றார் மூக்கர். “நான் கெடுத்த கொட்டையைக் காயவெச்சுக் கொடுத்துட்டுத்தான் வருவேன்.”