ஒரு சொல்லை மட்டும் மாற்றியவள்

கண்டி கட்டுகலையில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தவள் சஞ்சீவனி. கல்யாணப் பத்திரிகை, தேர்த் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். நாட்டில் கடதாசி கிடைக்காமல் போன வருடம் முதலாளி கடையை மூடினார். அதே வருடம் அவளுடைய அப்பா வீரய்யாவும் போய்விட்டார். மரக்கறி லொறி ஓட்டியவர். டீசலுக்கும் தட்டுப்பாடான அந்த நாள்களில், நிரப்பு நிலைய வரிசையில் லொறிக்குள் காத்திருந்தபோது நெஞ்சுவலி வந்தது; ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்பே உயிர் பிரிந்தது. அச்சகத்தில் மிச்சமிருந்த கடதாசியில் அவருடைய மரண அறிவித்தலை அவளே அமைத்தாள். அங்கே அவள் செய்த கடைசி வேலை அதுதான்.

பிறகுதான் இந்தத் தொழிலைப் பிடித்தாள். சட்டையிலோ கோப்பையிலோ அச்சிடுவதற்கான படத்தையும் வாசகத்தையும் வடிவமைத்து வெளிநாட்டு இணையக் கடையொன்றில் ஏற்றிவிட வேண்டும். யாராவது வாங்கினால் கடைக்காரர்களே வாங்குகிறவரின் நாட்டில் அச்சிட்டு அனுப்பிவிடுவார்கள். தன் படம் போட்ட கோப்பை ஒன்றைக்கூட அவள் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வரைந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் ஒரு கோப்பை மட்டும் ஓடத் தொடங்கியது. இறந்துபோன மீன்பிடிகாரர் ஒருவரை நினைத்து வீட்டார் வாங்குகிற கோப்பை. ‘அவர் இன்னும் தூண்டில் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஓடுகிற ஒன்றைப் பல கூட்டத்தாருக்கும் பரப்ப வேண்டும் என்று இணையத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தூண்டிலை எடுத்துவிட்டு மண்வெட்டியை வைத்தால் தோட்டக்காரர். ஊசியை வைத்தால் தையல்காரி. தொழில்களை ஓர் அட்டவணையில் அடித்துக் கொடுத்தால் கணினியே சொல்லை மாற்றி மாற்றிச் செய்து தள்ளியது. தேனீ வளர்ப்பவர், விமானி, மலையேறுபவர், லொறிச் சாரதி என்று வரிசை நீண்டது. வீட்டுக் கஷ்டமும் மெல்லக் குறைந்தது.

மழை பிடித்த ஒரு மாலையில் அந்த இணையக் கடை வழியாக ஸ்கொட்லாந்திலிருந்து ஐலீன் என்ற பெண் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

“என் மகன் மலையேறும்போது விழுந்து இறந்துவிட்டான். அவனுடைய சிநேகிதன் உங்கள் கோப்பையை எனக்குத் தந்தான். காலையில் அதில்தான் தேநீர் குடிக்கிறேன். விழுந்தான் விழுந்தான் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். அவன் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறான் என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். இதை யாரை நினைத்து எழுதினீர்கள்?”

கணவன் ஜெயராஜ் மாநகர சபை அலுவலகத்திலிருந்து நனைந்துபோய் வந்தபோதும் அவள் திரைக்கு முன்னால்தான் இருந்தாள்.

“என்னாச்சு? மொகம் ஏன் இப்பிடி இருக்கு?”

செய்தியைத் தமிழில் சொன்னாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்.

“அப்பாவ நெனச்சு எழுதினேன்னு சொல்லிடு. அந்தம்மாவுக்கு மனசு ஆறும்ல?”

“நான் அப்பாவ நெனைக்கலைங்க.”

“நெனச்சமா இல்லையான்னு யாரு பாக்கப் போறா?”

அவள் லொறிச் சாரதிக்கான கோப்பையைத் திரையில் திறந்தாள். வளைவான பாதையில் ஒரு லொறி. கீழே, ‘அவர் இன்னும் ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறார்.’

“இதச் செஞ்சப்பகூட நெனைக்கலைங்க. லொறிப் படம் சரியான இடத்துல இருக்கான்னுதான் பாத்தேன்.”

ஜெயராஜ் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்சநேரம் அவனும் அந்த லொறியையே பார்த்தான்.

“வேல செய்யிறப்ப யாரு அப்பாவ நெனைக்கிறா, சஞ்சீ?” என்றான் தணிந்த குரலில்.

மறுநாள் காலையில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். யாரையும் நினைத்து எழுதவில்லை, வேறொரு வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினேன், அதையும் கணினிதான் செய்தது, மன்னித்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் அந்தக் கோப்பையை விற்பனையிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று எழுதி அனுப்பினாள். பல நாள் மறுமொழி வரவில்லை. ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் முதலில் மறுமொழி வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள். ஒரு தாய்க்கு இருந்த ஆறுதலையும் பிடுங்கிவிட்டோமே என்று சமைக்கும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் மறுமொழி வந்தது.

“நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் பதிலைப் பார்த்த பிறகு அந்தக் கோப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இன்று வெளியே எடுத்திருக்கிறேன். விற்பனையிலிருந்து அதை எடுத்துவிடாதீர்கள். அவனோடு மலையேறியவர்களும் கேட்கிறார்கள். என் மகன் பெயர் ரோரி.”

சஞ்சீவனி அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அழுகை வந்தது. யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மலையேறுபவனின் கோப்பையை அவள் எடுக்கவில்லை. லொறிக் கோப்பையை அன்றைக்கே நீக்கினாள். ஜெயராஜிடம் சொன்னபோது, “அது நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சே” என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனான்.

இன்றும் அவளுக்கு அதே தொழில்தான். நாய் வளர்ப்பவர்களுக்கும் தாதிமாருக்கும் சட்டைகள் செய்கிறாள். அந்த அட்டவணைகள் நீண்டுகொண்டே போகின்றன. இறந்தவர்களுக்கான அட்டவணையில் மட்டும் அதற்குப் பிறகு அவள் ஒரு தொழிலையும் சேர்க்கவில்லை. வாங்குகிறவரின் நாடு மட்டும் அவளுக்குத் தெரியும், பெயர் தெரியாது. ஸ்கொட்லாந்துப் பக்கமிருந்து எப்போதாவது மலையேறுபவனின் கோப்பைக்கு ஓடர் வரும். அப்போது விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருப்பாள்.