பச்சை தேடிய நகம்

என் அண்ணன் மனைவி துஷ்யந்தி மதினி தலை நிமிர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நாடெங்கும் கரண்ட் வெட்டு நடந்த காலத்தில், குப்பி விளக்கு சாய்ந்து அவள் சேலையில் தீப்பிடித்தது. அண்ணன் சுதாகரன் வெறுங்கையால் அணைத்தான். உயிர் தப்பியது. ஆனால் ஆறிய புண் சுருங்கிச் சுருங்கி, மோவாயை நெஞ்சோடு இழுத்துக் கட்டிவிட்டது. கேகாலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், வெயில் ஏறினால் ரப்பர் காய்கள் படபடவென்று வெடிக்கும். மதினி சத்தத்தைக் கேட்பாள், விழுந்த கொட்டையைப் பார்ப்பாள். காய் வெடித்த கிளை அவளுக்குத் தெரியாது.

அவளோடு முகம் பார்த்துப் பேச நாங்கள் எல்லோருமே குந்தப் பழகிக்கொண்டோம். அண்ணன் கமுகு மரம் போல வளர்ந்தவன். அவன் குந்தினால் முட்டி இரண்டும் சத்தம் போடும்.

"நின்னா ஒங்க அண்ணன் கை மட்டுந்தான் தெரியுது, கோமளா. நிக்கிற மனுசன் எப்படி இருப்பாருன்னே மறந்து போச்சு," என்பாள்.

மதினிக்கும் எனக்கும் ரப்பர் நர்சரியில் வேலை. கன்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டுக் கண்ணை அதில் பதித்து, நாடாவால் இறுகச் சுற்றுவோம். சில வாரம் போனதும் நாடாவை அவிழ்த்து நகத்தால் இலேசாகச் சுரண்டுவோம். பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. பழுப்பு என்றால் பட்ட பாடு வீண். குனிந்தே செய்கிற வேலை என்பதால் அது ஒன்று மட்டும் மதினியை விட்டுப் போகவில்லை.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் விளக்கினார். தழும்பை வெட்டிக் கழுத்தை விடுவித்து, திறந்த இடத்தில் தொடையிலிருந்து சீவிய மெல்லிய தோலை வைப்பார்களாம். அதற்கு அவர் சொன்ன பெயர் 'சம பத்த'; 'சம' என்றால் தோல். எங்கள் ஒட்டுக்கன்றுக்கும் சிங்களத்தில் 'பத்த' என்றுதான் பெயர். மதினிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னையே ஒட்டுக்கன்னு ஆக்கப் போறாங்கடி!"

"பிடிக்காவிட்டால் கழுத்து மறுபடி சுருங்கும்," என்றார் டொக்டர். அதோடு சிரிப்பு நின்றது.

ஒப்பரேஷன் முடிந்து, தோளுக்கடியில் தலையணை வைத்து, முகம் கூரையைப் பார்க்கப் படுக்க வைத்தார்கள். மருந்து மயக்கத்தில் மதினி மிதந்துகொண்டிருந்தாள். மேலே சுற்றிய மின்விசிறி அவளுக்கு மரமாகிவிட்டது. இலை உதிர்கிறதாம். செம்பு நிறத்தில், மெல்ல மெல்ல. ஒன்றுகூடத் தரைக்கு வந்து சேரவில்லையாம். கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கும் கண் சொக்கி, வார்டுக்குள் காடு நின்றது.

சுடுதண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினால், கண்ணை மூடியபடியே கழுத்துக் கட்டுக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். துணியில் இரத்தம்.

"மதினி! என்ன பண்ணுறீங்க?"

"பச்சை தெரியுதான்னு பாக்குறேன்டி," என்றாள், நர்சரியில் நிற்பவள் போல.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளைத் திட்டினேன், தனியே விட்டுப் போன என்னையும் திட்டினேன். டொக்டர் கட்டைப் பிரிக்கும்போது தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். ஒருவருக்கும் அன்று ஓய்வில்லை போலிருந்தது. டொக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மதினி எதைத் தேடினாள் என்று கேட்டார். சொன்னேன்.

"இங்கே பச்சை என்றால் சீழ்; அதைக் கண்டால் நான்தான் அழ வேண்டும். சிவப்புத்தான் உயிர்," என்றார்.

ஓரத்தில் ரப்பர் கொட்டை அளவு பிய்ந்திருந்தது. மிச்சமெல்லாம் இளஞ்சிவப்பாய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கழுத்து மறுபடி சுருங்காமல் இருக்க, மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை போட வேண்டும் என்று அனுப்பி வைத்தார்கள். "மரத்துக்குப் பட்டை சீவுனது போதாதுன்னு, எனக்கே பட்டை கட்டிட்டாங்க," என்று வழியெல்லாம் முனகினாள். எங்கள் ஊருக்குக் கிட்ட, ரம்புக்கனையில் ரயில் நின்றபோது தூறல். மலையடிவாரம் பாதி மேகத்துக்குள் இருந்தது. பிளாட்போமில் அண்ணன் காத்திருந்தான்.

மதினியைக் கண்டதும், பழக்க தோஷம், முட்டி சத்தம் போடக் குந்திவிட்டான். பட்டை கட்டிய கழுத்து குனியுமா? அவன் அவள் கண்ணிலிருந்தே மறைந்து போனான்.

"எங்கங்க போயிட்டீங்க?" மதினி கையை நீட்டித் தடவினாள். "எந்திரிங்க. கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டே இருங்க."