ஆயுத பூஜையன்று நிறுத்தாத நட்சத்திரம்

மெயின் சுவிட்சில் எலக்ட்ரீஷியன் கை வைக்கப் போன அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரி. அதில் இயற்பியல் துறைக்கு நான்தான் அட்டெண்டர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கம்ப்யூட்டர் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது. பிரின்சிபாலே வந்தாலும் என்னைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

உள்ளே எங்கள் மேடம் ஒரு நட்சத்திரத்தை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நிஜமானது அல்ல, கணக்கில் செய்தது. பெரிய நட்சத்திரம் எரிந்து தீர்ந்தால் அதன் நடுவில் சேர்ந்த இரும்பு சட்டென்று உள்ளே சரியுமாம். சரிந்தது எகிறி ஓர் அலை வெளியே கிளம்பும். கிளம்பியது பாதியில் நின்றுவிடும். உள்ளிருந்து வருகிற சூடு அதைத் தள்ளிவிட்டால் வெடிப்பு. தள்ளாவிட்டால் எல்லாம் உள்ளேயே அமுங்கிப்போகும். கண் சிமிட்டுகிற நேரத்தில் நடக்கும் இதைக் கணக்குப் போட, மிஷின்கள் வாரக்கணக்கில் ராப்பகலாக ஓடின. திரையில் சிவப்பாக ஒரு வட்டம் தெரியும். அதுதான் அலை. நான் பெருக்கும்போதெல்லாம் பார்ப்பேன். உப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

மேனேஜர், அதாவது முதலாளியின் மச்சான், அந்த மிஷின்களை அட்மிஷன் ஆபீசுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்.

“இன்னா மேடம், வெடிச்சுதா?”

“இன்னும் இல்ல சார். அலை நின்னுக்கினு இருக்குது.”

“கண்ணு சிமிட்ற நேரத்துக்கு இத்தினி நாளா? எங்க வூட்ல கல்யாணத்துக்குக் கெளம்பறதே இதவிட சீக்கிரம்.”

கடைசியில் கெடு வைத்துவிட்டார். விஜயதசமி நல்ல நாள்; அதற்குள் வெடிக்காவிட்டால் அன்றைக்கே மிஷினைத் தூக்க ஆள் வரும்.

மேடம் பூஜைக்குத் திருநாவலூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. “அஞ்சலம்மா, அலை லேசா அசையற மாதிரி தெரியுது. நாளைக்கு மட்டும் யாரும் நிறுத்தாம பாத்துக்கோங்க. நிறுத்துனா பழைய எடத்துலேர்ந்து மறுபடி ஓடணும். கெடுவுக்குள்ள முடியாது,” என்றார்.

“நீ போம்மா. நான் இருக்கறேன்.”

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜையன்று பஸ் முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். மேனேஜர் கற்பூரம் காட்டுவார். அதற்கப்புறம் மறுநாள்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. மேடம் இதை மறந்திருந்தார். நான் மறக்கவில்லை. விடிந்ததும் போய், ஓடுகிற மிஷின்களுக்கே சந்தனம், குங்குமம் வைத்தேன். தடியாக ஒரு சாமந்தி மாலையும் போட்டு, நானே கற்பூரமும் காட்டினேன். மெயின் சுவிட்சுக்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய பொட்டு.

மேனேஜர் எலக்ட்ரீஷியனோடு வந்தார்.

“இன்னா ஆயா, இது மட்டும் ஓடிக்கினு இருக்குது? யப்பா, மெயின ஆஃப் பண்ணு.”

“தொடாதீங்க சார். பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டியாச்சு. நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதுன்னு நீங்கதான வருசா வருசம் சொல்றீங்க?”

“ஓடற மிஷினுக்கு யாராச்சும் பூஜை போடுவாங்களா?”

“பஸ்ஸு சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெக்கறீங்களே, என்ஜின ஆஃப் பண்ணிட்டா அது மேல ஏத்தறீங்க?”

எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். ஓரடி பின்னால் போனார். “சார், நான் புள்ளகுட்டிக்காரன்.”

அந்த நேரம் பார்த்து மிஷின் கீச்சென்று கத்தியது. என் மாலை அது மூச்சு விடுகிற ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா, அதுவே நிறுத்தச் சொல்லுது!” என்றார் மேனேஜர்.

நான் ஓடிப்போய் மாலையை உருவினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

“இப்ப நீ தொட்டியே?”

“மாலையத் தொட்டேன் சார். மிஷினத் தொடல.”

அந்தக் கோபத்தை அவர் வாசலில் இருந்த பூசணிக்காய் மேல் காட்டினார். ஓங்கி அடித்த அடியில், அதற்குள் வைத்திருந்த குங்குமத்தோடு காய் முழுக்க ஒரே பக்கமாகத் தெறித்தது. அந்தப் பக்கத்தில்தான் அவருடைய வெள்ளைக் கார் நின்றது.

மறுநாள் மேடம் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கதவைத் திறந்தேன். திரையில் வட்டம் இல்லை. அலை ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வெளியே போயிருந்தது. மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“வெடிச்சிருச்சு அஞ்சலம்மா.”

பின்னாலேயே மிஷின் தூக்கும் ஆட்களோடு மேனேஜர். “வெடிச்சுதா? எப்போ?”

“நேத்து காலையில, பூஜை நேரத்துலதான் சார் அலை கெளம்பியிருக்குது.”

“நான் காய ஒடச்ச நேரம்!” அவர் திரைக்குப் பக்கத்தில் போனார். “அட, அதே மாதிரி ஒரு பக்கமா செதறியிருக்குது பாரு!”

மேடம் ஏதோ விளக்கப் போனார். நான் அவர் புடவையை இழுத்தேன்.

“ஆமா சார்,” என்றார் மேடம்.

தூக்க வந்தவர்களை மேனேஜரே திருப்பி அனுப்பினார். அப்புறம் கல்லூரிக்கு யார் வந்தாலும், தான் வெடிக்கவைத்த நட்சத்திரத்தைக் காட்ட முதலில் எங்கள் ரூமுக்குத்தான் கூட்டிவருவார். செருப்பைக் கழற்றிவிட்டு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாலையைச் சின்னதாகக் கட்டுங்கள். பொட்டை முதலில் மெயின் சுவிட்சுக்கு வையுங்கள். வெடித்தது யாரால் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற பெரிய மனுஷரைக் காட்டிவிடுங்கள். பேர் அவரோடு போகட்டும். மிஷின் நம் ரூமில் இருக்கும்.