இடது காலை நீட்டினேன்

அன்று ஆஸ்பத்திரியில் என் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்: என் மனைவி ஞானம். அவள் தம்பி சவரி. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அந்தோணி. பங்குச் சாமியார். சாமியார் கையில், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அது சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், பாஸ்குத் திருநாளுக்கு முந்தின தவசு காலம். நான் அபிராமபுரத்தில் குடியிருந்து அடையாற்றில் துணி வெளுக்கிறவன். சர்க்கரை வியாதி உண்டு. ஐப்பசி மழையில் முதல் காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடுகிற குளிர். கிறிஸ்மஸ் கழிந்து இரண்டாவது. இது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பெனிசிலின் ஊசி போட்டார்கள். இறங்கியது. வீட்டுக்குப் போனேன். திரும்ப வந்தது.

டாக்டர் நல்ல மனுஷர். மறைக்கவில்லை.

"ரத்தத்துல கிருமி. சர்க்கரை உடம்புக்கு அதை எதிர்க்கச் சக்தி இல்லை. எந்த வழியா உள்ள போகுதுன்னு தெரியலை. அது தெரியாத வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். இன்னொரு தடவை தாங்க மாட்டே."

வாய், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார். பாதத்தையும் பார்த்தார். துணி வெளுக்கிற சோடாத் தண்ணீரில் நின்று நின்று எங்கள் பாதம் வெடிக்கும். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகைத் தேங்காயெண்ணெயோடு உருக்கி வெடிப்பை அடைப்பேன். டாக்டர் அதைச் சுரண்டப் போனார்.

"வேணாம் சார், மந்திரிச்ச மெழுகு" என்றேன். விட்டுவிட்டார்.

அந்த முறையும் காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தேன். சந்தோஷம் இல்லை. ஞானம் என் கல்யாண வேட்டியை வெளுத்துத் தனியாக மடித்து வைத்தாள். என்னை அடக்கம் செய்யும்போது கட்ட.

எனக்கு ஜெபம் சொல்ல வராது. மாதா படத்துக்கு முன் நின்று ஒன்றுதான் கேட்டேன். சுகம் கேட்கவில்லை. "எந்த வழியா வருது? காட்டு ஆண்டவரே." தினமும் அதுதான்.

பலிபீடத் துணிகளை எங்கள் குடும்பம் வெளுக்கிறது. அதனால் பெரிய வியாழக்கிழமை, ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில், காட்டிக்கொடுத்த யூதாஸின் இடமான கடைசி நாற்காலி எங்களுக்கு. சவரி, தான் போவதாகச் சொன்னான். நான் விடவில்லை.

"யூதாஸ் நாற்காலிக்கு இன்னா மாமா இவ்ளோ அடம்!"

"அவன் காட்டிக்கொடுத்து வாங்கின முப்பது காசு வந்தா உனக்குப் பாதி தரேன்டா."

கோயிலில் அந்தோணி வெந்நீர் வைத்திருந்தார். "எப்பவும் பச்சைத் தண்ணிதான். நீ ஜொரத்துலேர்ந்து எய்ந்து வந்துகீறே, அதான்" என்றார்.

வலது பாதத்தைத்தான் நீட்ட வேண்டும். என் முறை வந்தபோது தலை சுற்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டிவிட்டேன்.

"வலதுப்பா! வலது!" அந்தோணி பல்லைக் கடித்தார்.

"இருக்கட்டும்" என்றார் சாமியார். வெந்நீரை ஊற்றித் துண்டால் துடைத்தார். மெழுகு இளகிக் கட்டியாகக் கழன்று வந்தது. பின்னாலேயே சீழ் வந்தது. ஒரே நாற்றம். சுண்டுவிரல் அடியில் ஓட்டை.

"வலிக்கலையா?" என்றார்.

"ஒண்ணும் தெரியலை சாமி."

அவர் காலை விடவில்லை. மறுபடி கழுவினார். துடைத்தார். முறைப்படி முத்தமிட்டார். பிறகு என் காதோடு, "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் அல்ல. கேட்டதை ஆண்டவர் காட்டிவிட்டார். எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டார்.

சவரி துணி வண்டியில் என்னைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். டாக்டர் ஓட்டைக்குள்ளிருந்து கிளிஞ்சல் துண்டு ஒன்றை எடுத்தார். ஆற்றில் எப்போது குத்தியதோ. சர்க்கரையால் மரத்துப்போன கால், எனக்குத் தெரியவில்லை.

"இதுதான்யா வழி. மெழுகு வெச்சு உள்ளயே பூட்டி வெச்சிருந்திருக்கே. எலும்பு வரைக்கும் அழுகிடுச்சு. விரலை எடுக்கணும்."

"எடுங்க சார்" என்றேன்.

எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. ஐப்பசி வந்தது, மழை வந்தது, காய்ச்சல் வரவில்லை. கிறிஸ்மஸ் வந்தது. வரவில்லை. தவசு காலமும் கழிந்தது. வரவில்லை! ஞானம் மடித்து வைத்த வேட்டியைப் பாஸ்குப் பூசைக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

இப்போது ஆற்றில் சவரி இறங்குகிறான். நான் இஸ்திரி போடுகிறேன். தினமும் ஞானம் விளக்கைக் கிட்டே வைத்து என் விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறாள். மெழுகு வைப்பதில்லை.

சகோதரரே, ஜெபம் சொல்லத் தெரியாது என்று சும்மா இருக்காதீர்கள். உங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அதை நேராகக் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டும்போது மூடாதீர்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். அவருக்கே தோத்திரம்.

உயிரோடு நிற்கிறேன். கால்விரல் ஒன்பது.