உம்மாவின் பெயரில் என் மாத்திரை

எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்குக் காய்ச்சல் வரலாம், மஞ்சள் காமாலை வரலாம், அம்மைகூட வரலாம். வலிப்பு மட்டும் வரக்கூடாது. எனக்குப் பதின்மூன்று வயதில் வந்தது. நல்ல வேளையாகப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை, வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வந்தது. உம்மா முதலில் வாசல் கதவைத் தாழிட்டாள். பிறகுதான் என் வாயைத் துடைத்தாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவள் இடத்தில் எங்கள் தெருவில் யார் இருந்தாலும் அந்த வரிசையில்தான் செய்திருப்பார்கள்.

பஜாரில் இருந்த எங்கள் ஊர் டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, சீட்டு எழுதும்போது பெயர் கேட்டார். உம்மா தன் பெயரைச் சொன்னாள். தன் வயதையும் சொன்னாள். டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், அப்புறம் சொன்னபடியே எழுதினார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அதிலிருந்து நான் தின்ற மாத்திரையெல்லாம் உம்மாவின் பெயரில் வாங்கியவை. மருந்துக் கடைக்காரர் உம்மாவைப் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அவளும் கொஞ்சம் தேவலாம் என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொல்வாள். பார்க்கப் பாவமாக இருக்கும். எனக்குச் சிரிப்பும் வரும்.

இப்படியே எனக்குக் கல்யாணமும் ஆகி, துபாய்க்கும் வந்துவிட்டேன். மச்சானுக்கு, அதாவது என் கணவருக்கு, துபாயின் சத்வா பகுதியில் கடை. தையல்காரர்களுக்கு வேண்டிய பட்டன், ஜிப், லைனிங் துணி, லேஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வில்லாவில் எங்களுக்கு ஓர் அறை, ஒரு சின்ன அடுப்படி. தினமும் சாப்பிட்டபின் நான் போடும் மாத்திரை என்னவென்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டார். ஒற்றைத் தலைவலிக்கு என்றேன். அப்படிச் சொல்லச் சொல்லி உம்மா பாடம் நடத்தித்தான் அனுப்பியிருந்தாள். மனுஷர் நம்பிவிட்டார். அதோடு நான் டீவி பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்றும் யோசனை சொன்னார்.

மாத்திரை ஊரிலிருந்துதான் வந்தது. துபாயிலிருந்து யார் லீவில் போனாலும், திரும்பி வரும்போது அவர் பெட்டி அவருடையது அல்ல. ஒருவர் வீட்டு ஊறுகாய், இன்னொருவர் வீட்டு மசாலாப் பொடி, யாரோ ஒருவருடைய மூட்டுவலித் தைலம் என்று பாதிப் பெட்டி மற்றவர்களுக்குத்தான். எதற்கும் யாரும் மறுப்புச் சொல்வதில்லை, உள்ளே என்ன என்று கேட்பதும் மரியாதையில்லை. அந்த வழியில்தான் என் பார்சலும் வந்துகொண்டிருந்தது. அட்டையோடு அனுப்பினால் கொண்டு வருகிறவர் பெயரைப் படித்துவிடுவார் என்று, உம்மா ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி எடுத்துச் சத்து மாத்திரை டப்பாவில் நிரப்பி, மேலே பஞ்சு வைத்து மூடி அனுப்புவாள். அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே நானும் தின்றுகொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது ஒரு நாள் மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், ஏர்போர்ட்டில் ஒருவர் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். யாரோ கொடுத்த குருமா மசாலாவில் கசகசா இருந்ததாம். இந்த நாட்டில் அது போதைப்பொருள் கணக்கில் சேருமாம். ஆள் உள்ளே இருக்கிறாராம், எப்போது விடுவார்கள் என்று அவருக்கு விசா கொடுத்த கபீலுக்கும் தெரியவில்லையாம். கசகசாவுக்கே இந்தக் கதி என்றால் மாத்திரைக்கு என்ன ஆகும் என்று மச்சான் பாட்டுக்குச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். மச்சான் கடைக்குப் பக்கத்துத் தையல் கடைக்காரர் அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் அவர் கையில்தான் என் டப்பா வரப்போகிறது.

மச்சான் கடைக்குத் திரும்பிப் போனதும், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு மாத்திரையையும் உம்மா பெயரிலிருந்த பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு தெருமுனை பார்மசிக்குப் போனேன். அங்கிருந்த மலையாளிப் பையன் சீட்டைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். இது இங்கே கட்டுப்பாட்டு மருந்து, ஊரிலிருந்து சீட்டில்லாமல் கொண்டுவந்தால் கேஸ் ஆகும், கவர்மென்ட் கிளினிக்கில் ஹெல்த் கார்டு போட்டு டாக்டரிடம் எழுதி வாங்குங்கள் என்றான். மாத்திரையை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டான். அதைத் தொடவே அவனுக்குப் பயமாக இருந்தது. உம்மா ஊர்க்கண்ணுக்கு மறைக்கிறோம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் இங்கே கடத்தல். சத்து மாத்திரை டப்பாவில் ஒளித்து வேறு வைத்திருக்கிறாள். இதைவிட அழகாக ஒருவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது.

மச்சானிடம் சொல்லாமல் இருக்க வழியே இல்லை. என் விசாவுக்கு அவர்தான் ஸ்பான்சர், சட்டப்படி என் கபீல் என் புருஷன். அவர் கையெழுத்தும் பாஸ்போர்ட் நகலும் இல்லாமல் எனக்கு ஹெல்த் கார்டு கிடைக்காது. மறுநாள் மத்தியானம் கடை அடைக்கும் நேரத்தில் அவர் வந்ததும், அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் தையல் கடைக்காரருக்கு ஊருக்குப் போன் போட்டு, அந்தப் பார்சல் வேண்டாம், கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"புள்ளையக் குளிப்பாட்டும்போது வந்திருந்தா?"

மாத்திரை போட்டால் வராது என்றேன். இல்லாவிட்டால் என்று கேட்டார். அந்தப் பயம் எனக்கு இல்லாமலா இருந்தது? வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைக்கும் ஒவ்வொரு நாளும் இருந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் தினமும் மத்தியானம் வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மகளை அவரே குளிப்பாட்டினார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டைப்பிங் சென்டரில் அரபியில் விண்ணப்பம் அடித்து, போட்டோ ஒட்டி, பணம் கட்டி, கார்டு கைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கார்டில் என் பெயர் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. மச்சானோடு கிளினிக்குக்குப் போனேன். அங்கே சூடான் நாட்டு லேடி டாக்டர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. மலையாளி நர்ஸ் தமிழும் மலையாளமும் கலந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பழைய சீட்டை நீட்டினேன். டாக்டர் அதைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீட்டிலிருந்த பெண்ணுக்கு ஐம்பத்திரண்டு வயது. அது என் உம்மாவின் சீட்டு என்றேன். அப்படியென்றால் நோய் உம்மாவுக்கா என்றார். இல்லை, எனக்கு என்றேன். நர்ஸ் இரண்டு தடவை மொழிபெயர்த்தும் டாக்டருக்குப் புரியவில்லை. கல்யாணத்துக்காக என்று மச்சான் தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார். அது புரிந்துவிட்டது. டாக்டர் சீட்டை மடித்து என்னிடமே கொடுத்தார்.

இன்னொருத்தி பெயரிலுள்ள காகிதத்தை வைத்து இந்த மருந்தை எழுதினால் தன் வேலை போய்விடும் என்றார். பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டரிடம் அனுப்புகிறேன், அங்கே முறை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை மருந்து வேண்டுமென்றால், இத்தனை வருடம் பார்த்த டாக்டர் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரில் ஒரு கடிதம் தரட்டும், நகல் வந்தாலும் போதும் என்றார். போகும்போது, மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதே, முன்னைவிட மோசமாக வரும் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

வெளியே வந்து போன் கார்டைச் சுரண்டி உம்மாவைக் கூப்பிட்டேன். டாக்டரிடம் போய் என் பெயரில் ஒரு கடிதம் வாங்கு என்றதுமே அவள் குரல் மாறிவிட்டது. என் தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது. குவைத்தில் இருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒனக்கு ஆயிடுச்சு, அவளுக்கு இன்னும் ஆகல புள்ள. அக்காளுக்கு இருக்குன்னா தங்கச்சிக்கும் இருக்கும்னுதான் பேசுவாங்க. ரெண்டு மாசம் பொறுத்துக்க."

ரெண்டு மாசத்துக்கு என்னிடம் மாத்திரை இல்லை என்றேன். உம்மா அழுதாள், ஆனால் சரி என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். என் உடம்பைவிடத் தங்கை கல்யாணம் பெரிதா என்று மச்சானிடம் குமுறினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரியும், அன்று என் கல்யாணத்துக்காக உம்மா தன்னையே நோயாளி ஆக்கிக்கொண்டாள். அதே காரியத்தைத்தான் இப்போது தங்கைக்குச் செய்கிறாள். அன்றைக்கு அது எனக்கு இனித்தது, இன்றைக்குக் கசக்கிறது. நான் தினம் ஒரு மாத்திரை போட வேண்டிய இடத்தில் பாதி போட ஆரம்பித்தேன். மச்சானிடம் சொல்லவில்லை. மகளைத் தூக்கும்போது தரையில் உட்கார்ந்தே தூக்கினேன்.

ஒரு சனிக்கிழமை டைப்பிங் சென்டரிலிருந்து ஆள் வந்து எங்களைக் கூப்பிட்டான். அங்குள்ள பேக்ஸ் நம்பரைத்தான் நான் உம்மாவிடம் சொல்லியிருந்தேன். வழவழப்பான தாளில் மங்கலாக ஒரு கடிதம் வந்திருந்தது. எங்கள் ஊர் டாக்டரின் முத்திரை, என் பெயர், என் வயது, நோயின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை வருடமாக என்பது உட்பட எல்லாம் இருந்தது. உம்மா மனம் மாறிவிட்டாள் என்று நினைத்து அங்கேயே கண் கலங்கிவிட்டேன். அன்று மாலையே கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் படித்துவிட்டு, அதற்கென்றே இருந்த தனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். இது ஒரு மாதத்துக்கு, பிறகு ஒவ்வொரு மாதமும் வந்து புதுப்பிக்க வேண்டும், கார்டை வருடத்துக்கு ஒரு தடவை என்றார். மருந்துக் கவுன்டரில் என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் நோய்.

மறுநாளே கதை தெரிந்தது. மச்சானின் உம்மா ஊரிலிருந்து போன் செய்து, நம்மை ஏமாற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டார். எனக்கு முதலிலிருந்தே தெரியும் உம்மா, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன் என்று மச்சான் சொன்னார். அவருக்குத் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து முறைத்தார். அந்த முறைப்பில்தான் எங்களுக்குள் பழைய பேச்சு திரும்பி வந்தது.

ஆனால் அவர் உம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? கடிதத்தை வாங்கியது என் உம்மா இல்லை, தங்கை. உம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த மத்தியானத்தில், உம்மா குறித்து வைத்திருந்த பேக்ஸ் நம்பரை எடுத்துக்கொண்டு, புர்க்காவை மாட்டிக்கொண்டு தனியாக டாக்டரிடம் போயிருக்கிறாள். எங்கள் ஊரில் பேக்ஸ் வைத்திருந்தது பஜாரில் ஒரே ஒரு ஜெராக்ஸ் கடைதான். பாதி ஊருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் அந்தக் கடைக்காரர், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அவர் கையில் அதைக் கொடுத்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்படியேதான் போனது. ஒரு வாரத்தில் குவைத் மாப்பிள்ளை வீட்டார், பையனுக்கு இப்போது லீவு கிடைக்காதாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உம்மா என்னோடும் தங்கையோடும் பேசுவதை நிறுத்தினாள்.

எனக்குத் தங்கையிடம் பேசவே கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு மாத்திரையைப் போடும்போதும் அவள் கல்யாணத்தையே விழுங்குவதுபோல் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். மகள் என்ன செய்கிறாள், வெயில் எப்படி என்று எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே, ஏன் இப்படிச் செய்தாய், உறையில் போட்டு ஒட்டிக் கூரியரில் அனுப்பியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காதே என்றேன்.

"கூரியர் கடையிலதான் மொதல்ல கேட்டேன் ராத்தா. பத்து நாளாகும்னாங்க."

"ஆனா என்ன? பத்து நாள்தானே?"

"சரி, ஒங்கிட்ட அன்னைக்கு எத்தன மாத்திரை இருந்துச்சு?"

நாலு என்றேன்.

"அப்புறம் என்னத்தக் கேக்குற," என்றாள்.